காசும் கேஷும்

எங்கள் பெருங்களத்தூரை நீங்கள் ரயில் ஜன்னல் வழியாகவாவது பார்த்திருப்பீர்கள். செங்கல்பட்டு போகிற வண்டியில் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். இறங்கி ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் நடந்தால், கீரை விற்கும் அம்மாள் முதல் இளநீர்க்காரர் வரை எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கேஷா, ஜி பேயா?" கேஷ் என்றால் என்ன என்று நாம் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் போன வாரம் அந்த ஒரு வார்த்தையினால் எதிர் வீட்டில் ராத்திரிச் சாப்பாடே நின்று போயிற்று என்றால் நம்புவீர்களா?

விஷயம் இதுதான். எதிர் வீட்டுப் பாட்டியின் பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். 'ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள்' என்று ஒரு பட்டியல் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். பாட்டியும் பேத்தியுமாக உட்கார்ந்து தயாரித்தார்கள். கட்டுமரம் கேட்டமரான் ஆயிற்று, சுருட்டு செரூட் ஆயிற்று, மிளகுத் தண்ணீர் மல்லிகடானி ஆயிற்று என்று எழுதி, எல்லாவற்றுக்கும் முதலில் கொட்டை எழுத்தில், 'காசு, கேஷ் ஆயிற்று' என்று எழுதினார்கள். ஆங்கில டீச்சர் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு, முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'பிரெஞ்சுச் சொல்' என்று எழுதிவிட்டார். ஒரு மார்க்கும் போயிற்று. பெண் அழுதுகொண்டு வந்தாள். பாட்டிக்கு வந்த கோபம் சொல்லி முடியாது.

"தம்பி, நீ பத்திரிகைக்கு எழுதறவன் ஆச்சே! நீயே சொல்லு. காசு தமிழா இல்லையா?" என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"காசு தமிழ்தான் பாட்டி."

"அப்போ கேஷ்?"

"அதுதான் கொஞ்சம் சிக்கல். உட்காருங்கள், சொல்கிறேன்."

பாட்டியிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சுற்று வழி, பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் டீச்சர் கட்சியைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் 'காப்ஸா' என்றால் பெட்டி. ரோமாபுரிக்காரர்கள் தங்கள் ஏட்டுச் சுருள்களை உருட்டி வைத்துக் கொண்ட உருண்டைப் பெட்டிக்கு அதுதான் பெயர். அது இத்தாலிக்காரர் வாயில் 'காஸ்ஸா' ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் வாயில் 'கேஸ்' ஆயிற்று. பணம் வைக்கிற பெட்டிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷ்காரர்கள் அதை வாங்கிக் கொண்டு, 'கேஷ்' என்று உச்சரித்தார்கள். ஆகவே கேஷ் என்றால் முதலில் பணம் இல்லை, பணப் பெட்டி! பிறகு பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்ததற்கு வந்தது. "அவர் கையில் கேஷ் இருக்கிறது" என்றால் பெட்டியைக் கையில் தூக்கிக் கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம் இல்லாமல் போயிற்று.

நாளடைவில் இங்கிலீஷ்காரர்களுக்குப் பெட்டி என்ற பழைய பொருள் சுத்தமாக மறந்தே போய்விட்டது. அப்புறம் பணம் வைக்கிற பெட்டிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்ததே, என்ன செய்தார்கள் தெரியுமா? 'கேஷ் பாக்ஸ்' என்றார்கள்! அதாவது, பெட்டிப் பெட்டி. நம்மவர்கள் 'நடு சென்டர்' என்று சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறோமே, அதற்கு இது அண்ணன்.

அந்தக் காப்ஸாவின் சந்ததி உங்கள் வீடு முழுக்க இறைந்து கிடக்கிறது. பரண்மேல் இருக்கிற சூட்கேஸின் 'கேஸ்' அதுதான். ஜுரத்துக்கு முழுங்குகிற கேப்ஸ்யூல், மருந்தை அடைத்த குட்டிப் பெட்டி. அலமாரியின் மூலையில் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருக்கிறீர்களே பழைய பாட்டுக் கேசட், அதற்கும் 'சின்னப் பெட்டி' என்றுதான் பொருள். (கோர்ட்டில் நடக்கிற கேஸ் வேறு, அது 'விழுவது' என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோர்ட்டுக்குப் போய் விழுந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.) கேஷ்யூ நட் என்கிற முந்திரிப் பருப்புக்கும் இந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் கிடையாது. அது பிரேஸில் தேசத்துப் பழங்குடிகளின் 'அகாஜு', போர்த்துக்கீசியர் மூலமாகக் கப்பலேறி வந்தது. விலையைப் பார்த்தால் மட்டும் உறவு இருக்கும் போலத் தோன்றுகிறது.

இதைக் கேட்டதும் பாட்டியின் முகம் தொங்கிப் போயிற்று. "அப்போ டீச்சர் போட்ட சுழி சரிதானா?" என்றாள்.

சரிதான். ஆனால் பாதிதான் சரி. ஏனென்றால் ஆங்கில அகராதியைப் புரட்டினால் கேஷ் என்ற சொல் இரண்டு தடவை வரும். முதல் கேஷ் நாம் இப்போது பார்த்த பெட்டி. இரண்டாவது கேஷ், சின்ன மதிப்புள்ள ஒரு நாணயம். அந்த இரண்டாவது கேஷ்தான் நம்முடைய காசு!

நம்முடைய காசு சாமானியமானது அல்ல, வாசகிகளே. தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள், எங்கே பார்த்தாலும் காசுதான். ராஜராஜனுடைய அக்காள் குந்தவை கோவிலில் விக்கிரகங்கள் எழுந்தருளப் பண்ணி, அவற்றின் பூஜைக்காகக் காசு முதலீடு செய்தாள். ஊர்ச் சபைகள் அந்தக் காசை வாங்கிக் கொண்டு வருஷா வருஷம் வட்டி கட்டின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று ஒரு கணக்கு வருகிறது. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்த பாங்கியிலாவது இன்றைக்கு அந்த வட்டி கிடைக்குமானால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

காசைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று பெரிய புராணத்தில் இருக்கிறது. திருவீழிமிழலையில் கடும் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அடியார்களோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். கோவிலில் கிழக்குப் பீடத்தில் ஒரு காசு, மேற்குப் பீடத்தில் ஒரு காசு என்று இறைவன் தினம் இருவருக்கும் படிக்காசு வைக்கிறார். அதைக் கடைத்தெருவில் மாற்றிச் சாமான் வாங்கி இரண்டு மடங்களிலும் சமையல் நடக்கிறது. அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு. சம்பந்தர் மடத்தில் தினமும் நேரமாகிறது. என்ன காரணம் என்று விசாரித்தால், சமையல்காரர் மேல் குற்றமில்லை. அப்பருடைய காசைக் கடைக்காரர்கள் மறு பேச்சில்லாமல் வாங்கிக் கொள்கிறார்கள். சம்பந்தருடைய காசுக்கு 'வாசி' கேட்கிறார்கள். வாசி என்றால் மட்டமான நாணயத்தை மாற்றும்போது பிடித்துக் கொள்கிற வட்டம். பேரம் பேசி முடிவதற்குள் உச்சிவேளை ஆகிவிடுகிறது! சம்பந்தர் நேரே இறைவனிடமே போய் வாசியில்லாத காசாகக் கொடுக்கும்படி பதிகம் பாடினார். மறுநாள் முதல் நல்ல காசு கிடைத்தது. கிழிந்த பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பதிகத்தின் உருக்கம் நன்றாகவே புரியும்.

காசுக்கு நாணயம் என்பதைத் தவிரவும் அர்த்தங்கள் உண்டு. பழைய தமிழில் இடையில் அணிகிற மேகலையில் கோத்த மணிக்கும் காசு என்று பெயர். வெண்பாவின் கடைசிச் சீர் எப்படி முடிய வேண்டும் என்பதற்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நாலு வாய்பாடு சொல்வார்கள். அங்கேயும் காசு உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், காசு என்பதற்குக் குற்றம் என்றும் ஒரு பொருள். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புகழும்போது 'காசு' இல்லாதது என்று ஒரு வாசனைப் பொருளைச் சொல்லி அவளை அதற்கு ஒப்பிடுகிறான். குற்றமற்றது என்று பொருள். பிற்பாடு அவன் நிஜமாகவே காசில்லாமல் மதுரைக்குச் சிலம்பு விற்கப் போனது வேறு கதை.

சரி, இந்தக் காசு எப்படி இங்கிலீஷ் அகராதிக்குள் நுழைந்தது? அதற்கு நடுவில் போர்த்துக்கீசியர் வர வேண்டும். 1498-ல் வாஸ்கோடகாமா வந்து இறங்கிய பிறகு, அவர்கள் நம் கரையோரக் கடைத்தெருக்களில் 'காசு, காசு' என்று கேட்டார்கள். தங்கள் பாஷையில் எழுதும்போது 'காய்ஷா' என்று எழுதினார்கள். ஏன் அப்படி எழுதினார்கள் என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது ஸ்வாரஸ்யம். போர்த்துக்கீசிய மொழியில் ஏற்கெனவே 'காய்ஷா' என்று ஒரு சொல் இருந்தது. என்ன பொருள் தெரியுமா? பெட்டி! லத்தீன் காப்ஸாவின் பேரன்தான் அதுவும். புதிதாகக் காதில் விழுந்த தமிழ்ச் சொல்லுக்குத் தங்கள் வீட்டுப் பழைய சட்டையை எடுத்து மாட்டி விட்டார்கள். பின்னால் வந்த இங்கிலீஷ்காரர்களும் அதே காரியத்தைச் செய்தார்கள். அவர்களிடமும் கேஷ் தயாராக இருந்தது. போர்த்துக்கீசியர் சொன்ன காய்ஷாவைக் கேட்டு, 'ஓ, கேஷா!' என்று அதையும் கேஷ் ஆக்கிவிட்டார்கள். ஆக, ரோமாபுரியிலிருந்து ஒருவரும் தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் தனித்தனியே கிளம்பி வந்து, ஒரே பெயர்ப் பலகை மாட்டிய வீட்டில் குடியேறியிருக்கிறார்கள். முகஜாடை ஒன்றாயிருக்கிறதே என்று பார்க்கிறவர்கள் இரட்டைப் பிள்ளைகள் என்று நினைத்துக் கொள்கிறார்கள். பாட்டி நினைத்ததும் அதுதான்.

இதையெல்லாம் கோத்து வைத்தவர்களில் ஒருவர் நமக்கு வேண்டியவர். ஆர்தர் பர்னெல் என்று பெயர். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அங்கே அரண்மனையிலிருந்த சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அவரும் ஹென்றி யூல் என்பவரும் சேர்ந்து, இந்தியாவில் இங்கிலீஷ்காரர் வாயில் புழங்கிய வார்த்தைகளுக்கு 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்று ஒரு அகராதி செய்தார்கள். அது 1886-ல் வெளி வந்தபோது பர்னெல் உயிரோடு இல்லை. அதில் கேஷ் என்ற தலைப்பைப் பாருங்கள், நம்முடைய காசு கம்பீரமாக வீற்றிருக்கும். காசுக்கும் 'கர்ஷ' என்ற வடமொழி எடைப் பெயருக்கும் உள்ள உறவையும் அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

கும்பெனியார் காலத்தில் சென்னைப் பட்டணத்துக் கணக்கு முழுவதும் கேஷில்தான் ஓடியது. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு பகோடா. (நாக்கில் ஜலம் ஊற வேண்டாம். வராகனுக்கு இங்கிலீஷ்காரர் வைத்த பெயர் பகோடா.) ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. இந்தக் கணக்கை வைத்துக் கொண்டு கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிய நம் கொள்ளுப் பாட்டிகளுக்கு ஒரு நமஸ்காரம் போட வேண்டும். 1818-ல் ரூபாயைத் திட்ட நாணயமாக்கி, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 960 காசு ஆகிறது. இப்போதைய ஒரு ரூபாயைக் கீழே கண்டால் குனிந்து எடுக்கக்கூட நமக்குச் சோம்பலாக இருக்கிறது.

சென்னைக்கு வேண்டிய இந்தக் காசுகளைச் சீமையிலேயே அச்சடித்தார்கள். பர்மிங்ஹாமில் மாத்யூ போல்டன் என்பவருடைய ஸோஹோ நாணயச் சாலை. நீராவி யந்திரத்துக்குப் பெயர் போன ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளிதான் இந்தப் போல்டன். நீராவி அச்சில் பளபளவென்று 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் கொட்டின. ஒரு பக்கம் கும்பெனியாரின் சிங்க முத்திரை. மறு பக்கம் பாரஸீக எழுத்து, அதன் கீழே இங்கிலீஷில் 'கேஷ்'. 1808 என்று வருஷம் போட்ட காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக அடைத்து 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்குவதற்கு முன்பே, குட்வின் மணல் திட்டில் புயலில் மாட்டி அந்தக் கப்பல் முழுகிப் போயிற்று. 1980-களில் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்து, லட்சக் கணக்கில் காசுகளை வெளியே எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவில் கீரைக்கும் வெற்றிலைக்கும் கை மாறியிருக்க வேண்டியவை, ஒரு தடவைகூட யாருடைய முந்தானையிலும் முடியப்படாமல், சுமார் 175 வருஷம் கடலடியில் கிடந்தன. இப்போது நாணயம் சேகரிப்பவர்கள் அவற்றை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்டுச் சரடில் கோத்து வைத்த செப்பு நாணயம் இருந்ததல்லவா? அதையும் ஐரோப்பியர்கள் கேஷ் என்றே அழைத்தார்கள். லண்டன் மியூஸியத்தில் சீன நாணயத்துக்குப் பக்கத்தில் 'கேஷ்' என்று சீட்டு எழுதி வைத்தால், அது நம் ஊர்க் காசின் பெயர். பேத்தி இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக் கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஊருக்கு அடுத்தது வண்டலூர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரத்தினமங்கலம். அங்கே அரைக்காசு அம்மன் கோவில் இருக்கிறது. சாவியைக் காணோம், மூக்குத்தியைக் காணோம் என்றால் நீங்கள் வெல்லம் வைத்து வேண்டிக் கொள்கிறீர்களே, அதே அம்மன்தான். அந்தப் பெயர் புதுக்கோட்டையிலிருந்து வந்தது. தொண்டைமான் மன்னர்கள் பிரகதாம்பாள் உருவம் பொறித்துச் செப்புக் காசு அச்சடித்தார்கள். நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு அதையும் கொடுத்தார்கள். அம்மன் காசு என்று பெயர். ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை ராஜதானியோடு சேரும் காலம் வரையில் அது நம்மிடையே இருந்தது. ராஜாவும் போய், அணாவும் போய், அம்மன் மட்டும் அரைக்காசைப் பெயரில் வைத்துக் கொண்டு, தொலைந்ததையெல்லாம் தேடிக் கொடுத்துக் கொண்டிருக்கிறாள்.

"எல்லாம் சரி தம்பி, நோட்டிலே என்ன எழுதறது?" என்று பாட்டி காரியத்துக்கு வந்தாள்.

எழுத வேண்டியதைச் சொன்னேன். 'கேஷ் என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். கையிலிருக்கும் பணம் என்று பொருள்படுவது பிரெஞ்சு வழி வந்தது. பெட்டி என்பது அதன் மூலப் பொருள். சிறு நாணயம் என்று பொருள்படுவது போர்த்துக்கீசியர் வழி வந்தது. தமிழ்க் காசு அதன் மூலம்.' பெண் அழகாக எழுதிக் கொண்டாள். டீச்சர் போட்ட சிவப்புக் கோட்டை அழிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே! சண்டை போட்டு ஜயிக்கிற ஆசை பாட்டிக்கு இருந்தது. எனக்கும் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக் கொள்கிறேன். ஆனால் கட்டுமரமும் மிளகுத் தண்ணீரும் நிஜமாகவே நம்முடையவையாக இருக்கும்போது, பிரெஞ்சுக்காரன் பெட்டியையும் நம்முடையது என்று தூக்கிக் கொண்டு ஓடினால், நிஜமானவற்றையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பேத்தி போய்விட்டாள். பாட்டி மட்டும் போகவில்லை. "பெட்டிதான் முதல்லே கேஷா?" என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம்தான் அந்தக் கதை வந்தது.

2016 நவம்பர் 8-ந் தேதி ராத்திரி உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று ரேடியோவிலும் டெலிவிஷனிலும் சொன்ன ராத்திரி. பாட்டியின் சமையலறையில் துவரம் பருப்பு டின்னுக்கு அடியில் சிறுவாடு இருந்தது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பேத்தி பிறந்த நாள் முதல் அவளுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்க என்று காய்கறிக் காசிலும், பழைய பேப்பர் போட்ட காசிலும் மிச்சம் பிடித்தது. வீட்டில் ஒரு பிராணிக்குத் தெரியாது. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் பாங்கி வாசலில் நாலு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, கால் வீங்கிப் போய், கடைசியில் பிள்ளையிடம் டின்னோடு கொண்டு போய்க் கொடுத்தாள். அவன் நல்ல பிள்ளைதான். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, சிரித்தான். பாட்டி பெயரிலேயே கணக்குத் திறந்து போட்டும் விட்டான். ஆனால் அந்தக் கணக்குக்கு அவனுடைய போன் நம்பரைக் கொடுத்தான். அன்று முதல் பாட்டி நூறு ரூபாய் எடுத்தாலும் முதலில் அவன் பையில் மணி அடிக்கிறது.

"பணம் எங்கேயும் போகலை தம்பி. வளையலும் வாங்கியாச்சு. ஆனா அந்த டின் போச்சு" என்றாள் பாட்டி.

ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்திக்குப் பிடுங்கின மார்க்கு திரும்பி வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், அலமாரியில் புதிதாக இருந்த ஒரு எவர்சில்வர் டப்பாவின் மேல் 'கேஷ்: பெட்டி என்று பொருள்' என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தாள். பாட்டி அதைப் பார்த்து, "அடிப் பைத்தியமே!" என்று சீட்டைக் கிழித்தெடுத்துவிட்டு, 'வெந்தயம்' என்று எழுதி ஒட்டச் சொன்னாள். டப்பாவைத் தூக்கி மேல் தட்டில் வைத்தபோது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. பத்து ரூபாய் நாணயங்களாக இருக்க வேண்டும்.

பாட்டியின் மகன் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவர். ஆகையால் டப்பாவின் மேல் எழுதியிருந்த சாமானின் பெயரை நான் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.